நகரத்துக் கண்காட்சிகளைப் பற்றி வலைப்பூ எழுதினால் ஏதாவது மாறுமா?

கரித்துண்டு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் படம் வரைகிறவன் இல்லை, பார்க்கிறவன். மூன்று வருடமாக எங்கள் நகரத்தில் நடக்கும் ஓவியக் கண்காட்சி, சிற்பக் காட்சி எதையும் அநேகமாக விட்டதில்லை. திறப்பு நாளன்று நல்ல கூட்டம் இருக்கும். ஆனால் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நாள் போனால் நானும் காவலாளியும்தான்.

ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு வலைப்பூ தொடங்கிப் பார்த்ததை எழுத ஆரம்பித்தேன். இதுவரை 11 பதிவுகள். ஒரு பதிவை 20 பேர் படித்தால் அதிகம், அதில் நாலைந்து தடவை நானே பிழை பார்க்கத் திறந்ததாக இருக்கும். 'இதை யார் உட்கார்ந்து படிப்பார்கள், அரை நிமிட வீடியோவாகப் போடு' என்கிறார்கள் நண்பர்கள்.

போன மாதம் ஒரு வம்பு. ஒரு கண்காட்சியைப் பற்றி எழுதும்போது, 'கடைசிச் சுவரில் உள்ள மூன்று படங்களும் ஒரே படம்போல இருக்கின்றன' என்று ஒரு வரி சேர்த்தேன். மற்றபடி பாராட்டித்தான் எழுதியிருந்தேன். அன்றிலிருந்து அந்த ஓவியர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். சின்ன வட்டம், வாரம் ஒரு முறையாவது நேரில் பார்த்தாக வேண்டும்.

நிறைய வருடம் இப்படி எழுதியவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். இந்த எழுத்தால் ஒரு நகரத்தின் கலைஞர்களுக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகிறதா? இல்லை, என் ஆசைக்கு நான் எழுதிக்கொள்கிறேன் என்று விட்டுவிடலாமா?

நான்குமூலை

அந்த 20 பேரை மட்டமாக நினைக்காதீர்கள். அவர்களைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

என் தொழில் படங்களுக்குச் சட்டம் போடுவது. ஒன்பது வருடம் எங்கள் நகரத்துக் கண்காட்சிகளைப் பற்றி எழுதினேன், நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. சட்டம் போடுகிறவனுக்கு ஒரு வசதி, படத்தின் முதுகைப் பார்த்துவிடுவான். முன்னால் 'மௌனம்' என்று தலைப்பு ஒட்டியிருப்பார்கள். பின்னால் பென்சிலில் 'ஜன்னல் 4' என்று எழுதி அடித்திருக்கும். அப்படியானால் ஜன்னல் 1, 2, 3 எங்கே போயின? கொண்டுவந்தவரிடம் கேட்டால், 'அளவு எடுத்தாச்சா?' என்பார். கேட்க முடியாமல் போன கேள்விகளை எழுதி வைக்கத்தான் வலைப்பூ தொடங்கினேன்.

எங்கள் ஊரில் அதற்கு முன்பும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் திறப்பு நாள் மாலையோடு சரி. அடுத்த காட்சிக்கு அதே முகங்கள் வரும். போன காட்சியைப் பற்றிக் கேட்டால் 'நல்லா இருந்துச்சே' என்பதற்கு மேல் யாருக்கும் நினைவிருக்காது. எதற்காகச் சண்டை போட்டோம் என்பது மறந்துபோய், யாரோடு சண்டை என்பது மட்டும் மிஞ்சும். இன்று பேசியதை நாளை ஒருவர் எடுத்துப் பார்க்க ஓர் இடம் இல்லை. வலைப்பூவால் ஏதாவது ஆனது என்றால், அந்த மறுநாள் கிடைத்தது. வேறு பெரிய பெருமை எதையும் நான் அதற்குச் சொல்லமாட்டேன்.

அதுவும் தொடங்கியவுடனே கிடைக்கவில்லை. முதல் இரண்டு வருடம் நான் எழுதியது எல்லாம் 'ஆழமான', 'நுட்பமான', 'மனதை வருடும்'. கீழே வரும் பின்னூட்டங்களும் 'அருமை', 'வாழ்த்துகள்'. ஒரு தடவை ஒரு கூடத்தில் கேமராவுக்கு அனுமதி இல்லை என்றுவிட்டார்கள். சரி, படம் போட முடியாது, வார்த்தையாலேயே காட்டுவோம் என்று சாணால் அளந்துகொண்டு வந்து எழுதினேன் (என் சாண் 9 அங்குலம், தொழிலில் தினமும் உதவுகிறது). 'அகலம் மூன்று சாண், உயரம் நான்கு. கீழே மூன்றில் ஒரு பங்கு பழுப்பு, தூரிகை படவில்லை, கத்தியால் இழுத்துப் பூசியது. மேலே வானம் என்று நாம் நினைப்பது வண்ணமே படாத வெறும் துணி.' அவ்வளவுதான், ஒரு பாராட்டு வார்த்தை கிடையாது.

அன்று இரவே ஒரு பின்னூட்டம்: 'அது வெறும் துணி இல்லை, மெல்லிசாக வெள்ளை அடித்திருக்கிறார். பக்கவாட்டில் நின்று பாருங்கள்.' அதற்கு இன்னொருவர்: 'நானும் பார்த்தேன், துணிதான்.' மூன்றாவதாக ஒருவர்: 'யாரும் அடித்துக்கொள்ள வேண்டாம், நாளை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.' அவர் போனார். நானும் போனேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போனபோது அந்த ஒரே படத்தின் பக்கத்தில் ஏழெட்டுப் பேர், சுவரோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி என்னிடம் வந்து, 'ஏதாவது தொலைந்துபோச்சா சார்?' என்றார். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இடது பாதியில் நெசவு வெளிப்படையாகத் தெரிந்தது, வலது பாதியில் இழைகளின் பள்ளத்தை வெள்ளை நிரப்பியிருந்தது. ஆக, இரண்டு கட்சியும் பாதிப் பாதி ஜெயித்தது. படம் வரைந்தவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு அப்புறம் எப்படி எழுதுவது என்ற சந்தேகம் எனக்கு வரவில்லை. 'அற்புதம்' என்று எழுதினால் படிக்கிறவருக்குச் செய்ய வேலை இல்லை. 'வெறும் துணி' என்று எழுதினால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி அந்த 20 பேர். பாரிசில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடந்த அரசுக் கண்காட்சியைப் பற்றி பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோ 1759 முதல் 1781 வரை எழுதினார். அது வெளிவந்த இதழ் அச்சடித்ததே இல்லை. கையால் பிரதி எடுத்து, வெளிநாட்டு அரண்மனைகளில் இருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சந்தாதாரர்களுக்கு அனுப்பினார்கள். ரஷ்ய அரசி கேத்தரின் அதில் ஒருவர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் படங்களைப் பார்க்கப்போவதில்லை. ஆகவே எந்த உருவம் எங்கே நிற்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று திதரோ எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. 1784-இல் அவர் இறந்த பிறகுதான் அவை அச்சில் வந்தன. இன்று கலை விமர்சனம் எங்கே தொடங்கியது என்று பேசுகிறவர்கள் அவரிடம்தான் போய் நிற்கிறார்கள். உங்கள் 20 பேரில் ராணி இருக்கிறாரா தெரியாது, எண்ணிக்கை ஒன்றும் மோசமில்லை.

ஓவியர் முகத்தைத் திருப்பிக்கொண்டது பற்றி. வழக்குப் போடாதவரை சந்தோஷப்படுங்கள். ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் தானே வெளியிட்டு வந்த மாதக் கடிதங்களில், கிட்டத்தட்ட அந்தக் காலத்து வலைப்பூ என்று வையுங்களேன், 1877-இல் விஸ்லர் என்ற ஓவியரின் ஒரு படத்தைப் பார்த்து, பொதுமக்கள் முகத்தில் ஒரு சட்டி வண்ணத்தை வீசி எறிந்துவிட்டு 200 கினி (அந்தக் காலத்து ஆங்கிலப் பணம்) கேட்கிறார் என்று எழுதினார். விஸ்லர் வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் தீர்ப்பு: விஸ்லருக்கு வெற்றி, நஷ்ட ஈடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. செலவைத் தாங்காமல் அடுத்த வருடமே விஸ்லர் திவாலானார். (தன் படங்களுக்குச் சட்டத்தையும் தானே வடிவமைத்தவர் அவர். அதனால் என் ஓட்டு எப்போதும் அவருக்குத்தான்.)

ஆனால் நீங்கள் எழுதிய வரியில் ஒரு குறை இருக்கிறது, சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 'மூன்றும் ஒரே படம்போல' என்றால் எதில் ஒரே மாதிரி? பொருளா, அமைப்பா, நிறமா? 1891-இல் பிரெஞ்சு ஓவியர் மோனே ஒரே அறையில் 15 வைக்கோற்போர்ப் படங்களை மாட்டினார். உங்கள் வரியை அப்படியே தூக்கி அங்கேயும் வைக்கலாம். வேறொரு கண்காட்சிக்கும் பொருந்துகிற வரி என்றால் அது இந்தக் கண்காட்சியைப் பற்றியது இல்லை. அவருக்கு வலித்தது நீங்கள் குறை சொன்னதால் என்று எனக்குத் தோன்றவில்லை. நின்று பார்க்காமல் சொல்லிவிட்டீர்கள் என்று நினைத்திருப்பார். நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது: குறையாக ஒன்று எழுதத் தோன்றினால், இரண்டாம் முறை போய்ப் பார்க்காமல் எழுதமாட்டேன். பாதி நேரம் இரண்டாம் முறை அந்தக் குறை காணாமல் போய்விடும். மீதி நேரம் இன்னும் பெரிய குறை கிடைக்கும்.

நேரில் பார்க்க வேண்டிய சங்கடம் எனக்கு உங்களைவிட அதிகம், ஏனென்றால் நான் எழுதியது என் வாடிக்கையாளர்களைப் பற்றி. பதிவின் முதல் வரியிலேயே 'இந்தக் காட்சியில் ஆறு படங்களுக்குச் சட்டம் என்னுடையது' என்று போட்டுவிடுவேன். அப்படியும் இரண்டு பேர் சட்ட வேலையை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் வரவில்லை, அவர் படங்கள் இன்னும் வளைந்த சட்டத்தில்தான் தொங்குகின்றன. இதை நான் வன்மத்தில் சொல்லவில்லை. கொஞ்சம் வன்மத்தில்தான் சொல்கிறேன்.

பெயரில்லாத பின்னூட்டங்களை மட்டும் திறந்து வைக்காதீர்கள். ஒரு வருடம் திறந்து வைத்திருந்தேன். நெசவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் யார் யாருக்கு வேண்டியவர் என்று பேசத் தொடங்கினார்கள். நல்ல ஆட்கள் சத்தமில்லாமல் போய்விட்டார்கள். கதவை மூடிய பிறகும் அவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை.

ஈரவண்ணம்

எழுதப்பட்டவள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வரைகிறவள், நான்குமூலை அண்ணன் ஊர் இல்லை. எங்கள் நகரத்திலும் ஒருவர் இப்படி எழுதிக்கொண்டிருந்தார்.

என் மூன்றாவது தனிக்காட்சியைப் பற்றி அவர் எழுதிய ஒரு வரி இன்னும் மனப்பாடம்: 'படங்கள் கண்ணுக்கு மேலே ஏறிப்போய்விட்டன, கூரை விளக்கு கண்ணாடியில் விழுவதால் ஆறாவது படத்தில் நான் பார்த்தது என்னுடைய சட்டையை.' ஒன்றரை வருட வேலை. இந்த ஆள் சட்டையைப் பற்றி எழுதியிருக்கிறார்! இரவு முழுக்கத் தூக்கமில்லை, மனதுக்குள் பதில் எழுதிக்கொண்டே இருந்தேன். காலையில் அதே வேகத்தில் கூடத்துக்குப் போய், யாரும் வருமுன் ஆறாவது படத்துக்கு எதிரே நின்றேன். என் துப்பட்டா தெரிந்தது.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 152 சென்டிமீட்டர் உயரத்தில் வரும்படி மாட்டுவது பல கூடங்களில் வழக்கம், பார்ப்பவரின் கண் மட்டம் என்ற கணக்கு. எனக்கு அது தெரியும். ஆனால் அந்தக் கூடத்தின் சுவரில் ஓர் அலங்காரப் பட்டை ஓடியது, அதற்கு மேலே மாட்டினால் அழகாக இருக்கும் என்று நானே முடிவு செய்தேன். அன்று காலை நானும் தம்பியும் எல்லாவற்றையும் ஒரு சாணுக்கு மேல் இறக்கினோம். சுவரெல்லாம் ஆணித்துளை. அதற்குக் கூடத்துக்காரரிடம் தனியாகத் திட்டு வாங்கினேன். எழுதியவருக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல இரண்டு வருடம் ஆனது.

இன்னொன்றும் நடந்தது. கரித்துண்டு, நீங்கள் தொடர்ந்து எழுத வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணமே இதுதான். அதே காட்சியில் விற்ற ஒரு படத்தை ஏழு வருடம் கழித்து வாங்கியவர் வீட்டில் பார்த்தேன். நடுவில் ஒரு கருஞ்சிவப்பு இருந்தது, அது வெளிறி ஒரு மாதிரி அழுக்கு ரோஜா நிறமாகக் கிடந்தது. 'மங்கிவிட்டதே' என்றேன். 'இல்லையே, வாங்கும்போதே இப்படித்தான்' என்றார்கள் வீட்டில் எல்லோரும். தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. புகைப்படங்களை நம்ப முடியாது, ஒவ்வொரு கேமராவும் சிவப்பை ஒவ்வொரு மாதிரி காட்டும். அந்த வலைப்பூவைத் தேடிப் போனேன். எழுதியிருந்தார்: 'சிவப்பு அவ்வளவு ஆழமாக இருக்கிறது, அதை ஒட்டிய சாம்பல் பச்சையாகத் தெரிகிறது.' பலமான சிவப்புக்குப் பக்கத்தில் வெறும் சாம்பல் நிறத்தைக் கண் பச்சையாகத்தான் காணும், அது கண்ணின் இயல்பு. இப்போது அந்தச் சாம்பல் சாம்பலாகத்தான் இருக்கிறது, பச்சை போயே போய்விட்டது. அப்படியானால் போனது சிவப்புதான். நான் பூசியது அலிசரின் கிரிம்சன், மெல்லிய பூச்சில் வெளிச்சம் பட்டால் மங்கும் என்று பெயரெடுத்தது. அன்றோடு அதை விட்டேன், இப்போது எளிதில் மங்காத குவினாக்ரிடோன் வகைச் சிவப்புதான்.

கெடுதலும் இல்லாமல் இல்லை. அந்த வலைப்பூ பிரபலமான பிறகு நாங்கள் பலர் புகைப்படத்தில் நன்றாக வரும் படமாகவே வரையத் தொடங்கினோம். பெரிய வடிவம், தட்டையான நிறம், தூரத்திலிருந்தே பளிச். கிட்டே போய்ப் பார்க்க ஒன்றும் இருக்காது. நானும் இரண்டு வருடம் அதைச் செய்தேன்.

கடைசிப்பேருந்து

எல்லோரும் இவ்வளவு இனிமையாகப் பேசும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும்.

எங்கள் நகரத்திலும் மதிப்பான ஒரு கலை வலைப்பூ இருந்தது. எழுதியவர் நேர்மையானவர், நன்றாகவும் எழுதுவார். ஆனால் அவர் அலுவலகம் முடிந்து போக முடிந்த கூடங்கள் மூன்று. அந்த மூன்றையும் பற்றி எழுதினார். சில வருடத்தில் நகரத்தின் கலை என்றால் அந்த மூன்று கூடம் என்று ஆகிவிட்டது. எங்கள் பக்கம் பள்ளிக் கூடத்தில் வருடா வருடம் நடக்கும் காட்சி, பட்டறையில் உட்கார்ந்து மரம் செதுக்குகிறவர்கள், சுவரில் விளம்பரம் எழுதிக்கொண்டே ராத்திரியில் தனக்காக வரைகிறவர்கள், இவர்கள் யாரும் அதில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. அவர் ஒதுக்கவில்லை. அவர் வழியில் நாங்கள் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் ஓர் அமைப்பு நகரத்து ஓவியர்களின் பட்டியல் ஒன்று தயாரித்தது. தேடலில் என்ன கிடைத்ததோ அதிலிருந்து எடுத்தார்கள், கிடைத்தது அந்த வலைப்பூ. எனக்கு வரையக் கற்றுக்கொடுத்தவர் 30 வருடத்துக்கு மேல் வரைந்தவர். பட்டியலில் அவர் பெயர் இல்லை. நேரில் போய்க் கேட்டோம். 'இணையத்தில் தேடினோம், ஒன்றும் வரவில்லையே' என்றார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வலைப்பூவே இல்லாத காலத்தில் எல்லோருமே தெரியாதவர்கள். வந்த பிறகு சிலர் மட்டும் தெரியாதவர்கள். இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது. எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வலைப்பூ நகரத்துக்குப் போதாது.

நான்குமூலை

கடைசிப்பேருந்து சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. ஏழாவது வருடம் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 212 பதிவுகள். அதில் 149 நான்கே கூடங்களில் நடந்தவை. அந்த நான்கும் என் பட்டறையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில். இத்தனைக்கும் நான் பெரிய நடுநிலைமைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்தில் 2003-இல் ராபர்ட்டா ஃபாலன், லிபி ரோசாஃப் என்ற இரண்டு பெண்கள் 'ஆர்ட்பிளாக்' என்ற கலை வலைப்பூவைத் தொடங்கினார்கள். இரண்டு பேருடைய பேச்சாகத் தொடங்கியது பிறகு பலர் எழுதும் இடமாக வளர்ந்தது. டெக்சஸில் 'கிளாஸ்டயர்' என்ற இணையக் கலை இதழ் 2001 முதல் ஒரு மாநிலம் முழுவதையும் சுற்றி எழுதிக்கொண்டிருக்கிறது. ஒற்றை ஆளின் கால் போகிற தூரம் எவ்வளவு என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு ஏழு வருடம் ஆனது.

எண்ணிப் பார்த்த பிறகு, நகரத்தின் வேறு வேறு மூலையில் இருந்த மூன்று பேருக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். ஒருவர் ஒன்றும் எழுதவில்லை. ஒருவர் தன் நண்பர்களைப் பற்றியே எழுதினார். மூன்றாமவர், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண், என்னைவிட நன்றாக எழுதினார். இப்போது அவர் தனியாக எழுதுகிறார், நான் பின்னூட்டம் போடுகிறேன்.

நான் ஏன் நிறுத்தினேன் என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஓர் இளைஞர் நாலு படங்களைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மேசையில் வைத்ததும் எந்த மரம், என்ன அகலம் என்று கேட்பார் என்று பார்த்தால், 'எப்போது எழுதுவீர்கள் சார்?' என்றார். என்னிடம் சட்டம் போட்டால் எழுதுவேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் வரியில் நான் நேர்மையாகப் போட்டுவந்த அந்த அறிவிப்பே விளம்பரமாகப் போய்விட்டது. அந்த நாலு படத்துக்கும் சட்டம் போட்டேன். பணம் வாங்கிக்கொண்டேன். அதற்கு அப்புறம் எழுதக் கை வரவில்லை.

பழையசுட்டி

நான் கலை ஆள் இல்லை, இணையதளப் பராமரிப்பு வேலை. ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஈரவண்ணம் அக்காவுக்கு ஏழு வருடம் கழித்து அந்தப் பதிவு கிடைத்தது அதிர்ஷ்டம். பெரும்பாலும் கிடைக்காது. பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடினார்கள். அதன் மூலம்தான் வலைப்பூ படிப்பேன் என்று இருந்தவர்கள் பலர் அன்றோடு படிப்பதையே விட்டார்கள். எழுதுகிறவர்களுக்கு வாசகர் எங்கே போனார் என்றே புரியவில்லை. 2019-இல் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தை மூடியபோது, கூகுளின் வலைப்பூத் தளமான பிளாகரில் அதன் வழியாகப் போட்ட பின்னூட்டங்கள் எல்லாம் அழிந்தன. பதிவு இருக்கும், அதற்குக் கீழே நடந்த பேச்சு இருக்காது. நான்குமூலை சொன்ன 'துணியா வெள்ளையா' சண்டை அப்படிப் போயிருந்தால், மிச்சம் இருப்பது ஒரு வரி வர்ணனைதான். அதற்காகச் சுவரில் கன்னத்தை வைத்தவர்கள் யாருமே இல்லாமல் போயிருப்பார்கள்.

ஆகவே பின்னூட்டங்களையும் சேர்த்து மாதம் ஒரு முறை சொந்தக் கணினியில் இறக்கி வையுங்கள். ஒவ்வொரு பதிவையும் இணையப் பக்கங்களின் நகலைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமிக்கக் கொடுங்கள், ஒரு நிமிட வேலை. படத்தின் கோப்புப் பெயரை கேமரா கொடுத்த எண்ணாக விடாமல் ஓவியர் பெயர், தலைப்பு, வருடம் என்று மாற்றுங்கள். படம் போடும் முன் ஓவியரிடம் கேட்டுவிடுங்கள். ஓவியத்தை விற்றுவிட்டாலும் அதன் பதிப்புரிமை பெரும்பாலான நாடுகளில் வரைந்தவரிடமே இருக்கும்.

வீடியோ போடுங்கள், தப்பில்லை. ஆனால் ஏழு வருடம் கழித்து 'சாம்பல் பச்சையாகத் தெரிகிறது' என்று தேடினால் அது கிடைக்காது.

கரித்துண்டு

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், காரணம் இருக்கிறது.

நான்குமூலை சார் சொன்னபடி அந்தக் கண்காட்சிக்கு மறுபடி போனேன். நல்லவேளை, கடைசி நாள். அந்த மூன்று படங்களுக்கும் முன்னால் நாற்பது நிமிடம் நின்றேன். மூன்றிலும் ஒரே காலி நாற்காலி, ஒரே மூலை, ஒரே கோணம், அதுவரை நான் எழுதியது சரிதான். ஆனால் நாற்காலியின் கால்களைப் பாருங்கள். முதல் படத்தில் நிழல் இடப்பக்கம் நீளமாக விழுகிறது. இரண்டாவதில் நிழல் அடியிலேயே சுருண்டு கிடக்கிறது. மூன்றாவதில் நிழலே இல்லை, ஆனால் சுவரில் நாற்காலி முதுகின் உயரத்தில் ஒரு தேய்மானம் இருக்கிறது, ஆள் சாய்ந்து சாய்ந்து வந்த அழுக்கு. அது முதல் இரண்டிலும் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். இருக்கிறது, நிழலுக்குள் ஒளிந்துகொண்டு.

இதை அப்படியே எழுதிப் போட்டேன். பழைய வரியை அழிக்கவில்லை. அதன் கீழே 'நின்று பார்க்காமல் எழுதியது' என்று குறிப்பு வைத்தேன். கடைசிப்பேருந்து சொன்னதற்காக, எங்கள் நகரத்தில் நான் ஒரு முறைகூடப் போகாத கூடங்களைப் பட்டியல் போட்டேன். ஒன்பது வருகிறது. அதில் இரண்டுக்கு எப்படிப் போவது என்றே தெரியவில்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பதிவுக்கு இரண்டு வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று இரவு ஒரே ஒரு பின்னூட்டம், அந்த ஓவியரிடமிருந்து. 'நான்காவது ஒன்று இருக்கிறது. காட்சிக்கு வைக்கவில்லை. சனிக்கிழமை வீட்டில் இருப்பேன்.'

போகிறேன். அளவு நாடா எடுத்துக்கொண்டு போனால் தப்பாக நினைப்பாரா?

நான்குமூலை

சாண் போதும். அப்படியே முதுகுப் பக்கமும் பார்த்துவிட்டு வாருங்கள்.